இடுப்பு பெருத்த முகடு

இந்தோனேசியாவின் செமாராங் நகரத்துப் பரிசோதனைக்கூடத்தில் இபு ருமிஸ், அதாவது ருமிஸ் அம்மா, வந்து உட்கார்ந்ததுமே அங்கே மருந்து சோதிக்கும் வெனிங்குக்குச் சந்தேகம் தட்டியது. முட்டிவலிக்கு ஜாமு என்ற மூலிகைக் கஷாயம் காய்ச்சி விற்பவள். கைகால் குச்சிகுச்சியாக இருக்க, முகம் மட்டும் நிலா மாதிரி உப்பியிருந்தது. கடைகளில் வைக்கச் சான்றிதழ் வேண்டுமாம்.

"வெறும் கிழங்கும் வேரும்தாம்மா. நானே தெனமும் குடிக்கிறேன்."

கருவி ஜாமுவைக் குழாய்க்குள் தள்ளி, உள்ளதையெல்லாம் பிரித்துத் திரையில் முகடுகளாக வரைந்தது. கடைசி முகடு லெம்புயாங் என்ற காட்டு இஞ்சிக் கிழங்கினுடையது. வலியைச் சட்டென்று அடக்கி, நாளடைவில் முகத்தை உப்பவைக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் வெளியே வரும்.

"கிழங்குதான். கையெழுத்துப் போடு," என்றார் மூத்த பரிசோதகர் தர்யோனோ. அவர் மேசையடியில் ருமிஸின் ஜாமு பாட்டில் இருந்தது. பாட்டில் கொடுத்து ஆளையே மடக்கிவிட்டாளோ என்று வெனிங்குக்குத் தோன்றியது.

"முகடு இடுப்பு பெருத்திருக்கே, மாஸ். ரெண்டு பொருள் ஒட்டிட்டு வருதோ?" என்று வெனிங் அவரை அண்ணா முறையில் அழைத்துக் கேட்டாள்.

"உனக்கு எங்க பாத்தாலும் பேய்தான். நீளக் குழாயப் போட்டுப் பாரேன்."

போட்டாள். மற்ற முகடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றன. இது மட்டும் பிரியவில்லை.

"பாத்தியா?" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பும் அவளுக்குச் சரியாகப் படவில்லை. ஒரே வேகத்தில் நடக்கும் இருவரை எவ்வளவு தூரம் நடக்கவிட்டாலும் சேர்ந்தேதான் வருவார்கள். வேகம் மாற வேண்டுமானால் ஓடும் திரவத்தை மாற்றவேண்டும். மெத்தனாலை எடுத்துவிட்டு அசிட்டோநைட்ரைலை ஓடவிட்டாள்.

முகடு இரண்டாகப் பிளந்தது. நடுவில் கோடு தரைவரை இறங்கியது. டெக்ஸாமெத்தசோன் மாத்திரையைக் கரைத்துத் தனியாக ஓட்டினாள். அச்சு அசலாக இரண்டாவது முகட்டின் இடத்திலேயே வந்து நின்றது.

தர்யோனோவின் முகம் வெளிறியது. "முட்டிக்குன்னு ரொம்ப நாளா குடிக்கிறேன், வெனிங். சர்க்கரை ஏன் இப்படி ஏறுதுன்னு டாக்டர் திட்டிட்டே இருக்காரு."

அவரைச் சந்தேகப்பட்ட வெனிங்குக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

ஜாமுவில் மாத்திரை கலந்திருக்கிறது, சான்றிதழ் இல்லை என்றதும் ருமிஸ் பதறினாள். "அல்லா மேல சத்தியமா நான் எதுவும் கலக்கல! பொடி இடிச்சு அனுப்புறது என் தங்கச்சி..." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவ வீட்ல ஒருத்தரும் இதத் தொட மாட்டாங்க."

"வீட்டுக்குப் போய் சட்டுனு நிறுத்திடாதீங்க, இபு. இத்தனை நாள் மாத்திரைக்குப் பழகின உடம்பு தாங்காது. மொதல்ல டாக்டரப் பாருங்க," என்றாள் வெனிங்.

டாக்டரிடம் போக தர்யோனோ ஸ்கூட்டரைக் கிளப்பினார். ருமிஸ் பின்னால் ஏறிக்கொண்டாள்.