தலையைத் தட்டாத மார்லன்

எல்லாரும் சௌக்கியம்தானே? முட்டிவலி, முதுகுவலி எல்லாம் தேவலையா? இங்கே அலபாமாவில் மழை விட்டபாடில்லை, எனக்கு முழங்கால் குடைகிறது. ஆனாலும் எங்கள் ஊர்ப் பையன் மார்லன் பெட்வே கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மார்லன் எங்கள் பள்ளிக்கூட ஃபுட்பால் அணியில் கார்னர். எதிரணியில் பந்து பிடிக்க ஓடுகிறவன் ரிசீவர். அவன் கையில் பந்து விழாமல் கூடவே ஒட்டிக்கொண்டு ஓடவேண்டியது கார்னருடைய பிழைப்பு. முதல் சில கெஜத்துக்குள் மார்லனை அடித்துக்கொள்ள ஆளில்லை. எதிராளி கண்ணைப் பார்க்க மாட்டான், தோளையும் பார்க்க மாட்டான், இடுப்பைத்தான் பார்ப்பான். இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் இவன் முந்திக்கொண்டு நிற்பான். ஆனால் நேராக ஓடவிட்டால் தொலைந்தான். நல்ல ஓட்டக்காரன் அவனைப் பின்னால் கழற்றிவிட்டுப் போய்விடுவான்.

அதற்கும் ஒரு வழி உண்டு. கார்னருக்குப் பின்னால் தள்ளி சேஃப்டி என்று ஒருவன் நிற்பான். கார்னர் தன் ஹெல்மெட்டைத் தட்டினால், 'என்னால் தனியாக முடியாது, பின்னால் வந்து நில்' என்று அர்த்தம். இந்த வட்டாரத்தில் எல்லா அணிக்கும் அதே சைகைதான். மார்லன் மட்டும் தட்டமாட்டான். எங்கள் அணியிலேயே மறுபக்கம் நிற்கிற இன்னொரு கார்னர் தட்டும்போதெல்லாம், "என்னடா, அம்மாவக் கூப்பிடுறியா?" என்று சீசன் முழுக்க அவன் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தான். சேஃப்டி ஐசக் க்ரோவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. இவன் எங்கே தட்டப்போகிறான் என்று, இவன் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டான்.

கடைசி ஆட்டம் பக்கத்து ஊரோடு. அவர்களுடைய ரிசீவர் ஜர்விஸ் டில்மன், மாவட்ட ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவன். மார்லனைப் பார்க்கவென்றே ஒரு கல்லூரியிலிருந்து ஹாலோவே என்கிற பயிற்சியாளர் வந்து உட்கார்ந்திருந்தார். வேகமான ஆளுக்கு முன்னால் பையன் தனியாக நிற்பானா, அதுதான் அவருக்குத் தெரியவேண்டும். நின்றால் நான்கு வருஷப் படிப்பு இலவசம். நிற்காவிட்டால், அம்மா வேலை பார்க்கிற அதே கோழிக்கறி ஆலையில் இவனும் போய் நிற்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை ஜர்விஸ் இவனை ஒரு தடவை அப்படியே தாண்டி, கடைசிக் கோடு வரை ஓடி டச்டவுன் அடித்தான், ஒரே அடியில் ஆறு புள்ளி. போகிறபோது, "என்ன தாத்தா, மூச்சு வாங்குதா?" என்று கேட்டுவிட்டும் போனான். அதற்குப்பிறகு மின்னல் வெட்ட, மிச்ச ஆட்டத்தைச் சனிக்கிழமை மத்தியானத்துக்குத் தள்ளிவைத்தார்கள். ஹாலோவே கிளம்பிப் போய்விடுவார் என்று நினைத்தார்கள். மனுஷன் போகவில்லை. மறுநாள் அதே இடத்தில், வறுத்த நிலக்கடலைப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தார்.

சனிக்கிழமை தரை சொதசொதவென்று கிடந்தது. ஜர்விஸ் இன்னொரு தடவையும் மார்லனைத் தாண்டினான். பந்து விரலில் பட்டு நழுவியதால் ஊர் பிழைத்தது. முடிதிருத்தும் கடைக்காரர் ஓட்டிஸ், வேலியைப் பிடித்துக்கொண்டு, மார்லன் காலில் கோந்து ஒட்டியிருக்கிறதா பாருங்கள் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். மார்லனுடைய அம்மா திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் மனுஷன் கப்சிப்.

ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை. எங்கள் ஊர் நான்கு புள்ளி முன்னால் இருந்தது. அவர்களுக்குக் கடைசி வாய்ப்பு. ஆறு கெஜம் போனால் தொடர்ந்து ஆடலாம். நீளமாக எறிந்து ஜர்விஸ் பிடித்துவிட்டால் அங்கேயே ஜெயித்துவிடலாம். எதைச் செய்வார்கள் என்று மைதானத்தில் எல்லாருக்கும் தெரிந்தமாதிரிதான் இருந்தது.

ஜர்விஸ் வந்து எதிரே நின்றான், சிரித்தான். மார்லனுக்குத் தொடை கல்லாகக் கிடந்தது. இந்தத் தடவை இவனைத் துரத்திப் பிடிக்க முடியாது என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. தட்டினால் ஹாலோவே பார்ப்பார். தட்டாவிட்டால் ஊரே தோற்கும். பார்வை ஒரு கணம் நிலக்கடலைப் பொட்டலத்துக்குப் போய்த் திரும்பியது.

அப்புறம் கையைத் தூக்கி, ஹெல்மெட் உச்சியில் பட் பட்டென்று தட்டினான்.

திரும்பிப் பார்த்தால் ஐசக் இருந்த இடத்திலேயே நிற்கிறான். வேறு பக்கம் பார்க்கிறான். மார்லன் மறுபடியும் தட்டினான். ஐசக் திரும்பவே இல்லை. கத்தினால் கூட்டத்தின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

ஆனால் பந்து எறிகிற எதிரணிப் பையன் கண் வைத்துக்கொண்டே இருந்தான். மார்லனாவது, தட்டுகிறதாவது என்று அவனுக்கே திகைப்பு. பின்னால் ஆள் வருகிறது, நீளமாக எறிந்தால் ஆபத்து என்று நினைத்து, ஜர்விஸைப் பார்த்து முழங்கையைத் தொட்டு, திட்டத்தை மாற்றச் சொல்லிச் சைகை காட்டினான்.

பந்து எறிகிறவன் கைக்கு வந்தது. ஜர்விஸ் பாய்ந்தான். மார்லன் அவன் மார்பில் கையை வைத்து, இடுப்பைப் பார்த்தான். நேராகப் போகவேண்டிய இடுப்பு லேசாகத் தாழ்ந்து உள்பக்கம் திரும்பியது. நேர் ஓட்டம் இல்லை, சட்டென்று உள்ளே வெட்டித் திரும்புகிறான். கொஞ்ச தூரம். மார்லனுடைய இடம்.

அவன் குறுக்கே விழுந்தான். பந்து அவன் வயிற்றில் வந்து மோத, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு சேற்றில் சுருண்டு படுத்துவிட்டான். எழுந்து ஓடலாமா என்றுகூட நினைக்கவில்லை.

எல்லாரும் வந்து மேலே விழுந்தார்கள். தலையைத் தட்டி ஏமாற்றிவிட்டானே, என்ன மூளை என்று ஊரே பேசியது. ஓட்டிஸ், தான் அப்போதே சொன்னதாகச் சொன்னார். ஐசக்குக்கு விஷயம் தெரிந்ததும் முகம் செத்துப்போனது.

"நெஜமாவே தட்டுனியாடா?"

"ரெண்டு தடவ."

"நீ என்னைக்கு அம்மாவக் கூப்பிட்டிருக்க, நான் திரும்பிப் பாக்க?"

நியாயமான கேள்வி.

வேலியோரம் ஹாலோவே நின்றிருந்தார். அம்மாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு இவன் பக்கம் திரும்பி, அது தந்திரமா என்று நேராகவே கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல சார்," என்றான். "அவன் என்னவிட வேகம். நெஜமாத்தான் கூப்பிட்டேன். யாரும் வரல."

ஹாலோவே ஒரு கடலையை உரித்து வாயில் போட்டு, நிதானமாக மென்றார்.

"எங்க காலேஜுக்கு வா, தம்பி," என்றார். "நீ தட்டுறியான்னு பாத்துக்கிட்டே நிக்க அங்க ஒருத்தன் இருக்கான்."

அம்மாதான் முதலில் அழுதாள். மார்லன் ஹெல்மெட்டைக் கழற்றவேயில்லை, அதனால் அவன் அழுதானா என்று யாருக்கும் தெரியாது.

உங்களுக்கும் இப்படி வீராப்பை விழுங்கிவிட்டு ஆளைக் கூப்பிட்ட சமயம் இருந்திருக்குமே? கூப்பிட்டபோது வந்தார்களா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்களா? மறக்காமல் எழுதுங்கள், ஒன்றுவிடாமல் படிப்பேன்.