புறங்கையை நக்கிய குழாய்

என் மனைவி ஊசி போடத் தெரியாத டாக்டர். பெப்டைடு என்கிற புரதத்தின் குட்டித் துண்டு, செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வில் எப்படி ஓட்டை போடுகிறது என்பது அவள் ஆராய்ச்சி. அதற்காகச் சவ்வைப் போலவே கொழுப்புக் குமிழிகள் செய்து, உள்ளே சாயத்தைத் திணித்து வைத்திருந்தாள். ஓட்டை விழுந்தால் சாயம் வெளியே கசிந்து பளிச்சென்று ஒளிரும். இரண்டு மாதமாக ஒளிரவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் ஒளிராவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டச் சொல்லியிருந்தார் துறைத்தலைவி.

மதியம் சாப்பாட்டோடு போனேன். ஆய்வக வாசலில் இருக்கும் மஞ்சள் கோடு வரைக்கும் எனக்கு அனுமதி உண்டு. அவள் பெப்டைடுக் கரைசலைக் குழாய் விட்டுக் குழாய் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன டாக்டரே, சரக்கு எத்தனை கிடங்கு மாறுது?"

"நாலு. தண்ணி சேர்த்து நீர்க்க வைக்கிறேன். பேசாம இருங்க."

"நாலு கை மாறியும் அளவு குறையலையா?"

"ஏன் குறையணும்? அளந்துதானே ஊத்துறேன்."

"எங்க எண்ணெய்க் கடையில எந்த டின்னும் முழுசாக் காலியானதே இல்ல. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காம விடுவானா? உன் குழாய் மட்டும் என்ன உத்தமனா?"

திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. கடைசிக் குழாயில் இருந்ததை இயந்திரத்தில் வைத்து அளந்தாள். இருக்க வேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் வழியிலேயே குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு, அவற்றோடு சம்பந்தம் பேசி முடித்திருந்தது.

"அப்ப ரெண்டு மாசமா வெறுந்தண்ணியையா ஊத்திட்டிருந்தேன்?"

"எங்க தெருவுல அதுக்குப் பால் வியாபாரம்னு பேரு."

மூலக் குப்பியில் ஒரேயொரு சோதனைக்குத்தான் மிச்சம் இருந்தது. இந்த முறை இடைத்தரகர் கிடையாது. குப்பியிலிருந்து நேரே குமிழிகளிடம். திரையில் கோடு சரசரவென்று மேலே ஏறியது. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்து, என் காதைத் திருகினாள். எங்கள் வீட்டில் பாராட்டு அந்த ரூபத்தில்தான் வரும்.

"தலைவிகிட்ட புதுசாப் பெப்டைடு கேளு. அஞ்சு மில்லிகிராம் வேணும்னா பத்துல ஆரம்பி" என்று சொல்லி அனுப்பினேன்.

கால்மணி நேரத்தில் திரும்பி வந்தாள்.

"தப்பு என்னோடதுதான்னு முதல்ல சொல்லிட்டேன். அப்புறம் அஞ்சு கேட்டேன்."

"ஐயோ, சரக்கைக் காட்டுறதுக்கு முன்னாடியே குறையைச் சொல்லலாமா?"

"பத்து தர்றாங்க."

என் பரம்பரையில் எவனுக்கும் இப்படி ஒரு பேரம் படிந்ததில்லை. என் கையிலிருந்து சாப்பாட்டுப் பையைப் பிடுங்கிக்கொண்டு சொன்னாள்:

"ஒட்டாத குழாய் ஒரு பெட்டி. அது கொசுறு."