அமலி கையில் மணி

குப்பனூர்ச் சம்பந்தம் பேசி முடித்து, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க நாள் கேட்டிருந்த வாரத்தில் மணி செத்துப்போனான்.

மணி என்பது நாய். ஆனால் அமலி ஒரு நாளும் அவனை ‘அது’ என்று சொன்னவள் அல்ல. குட்டியாக இருந்தபோது அவளுடைய அப்பா சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்த செவலை நாய். அப்பா நெஞ்சுச் சளி முற்றி இறந்த பிறகு, நாகலூர் எஸ்டேட்டின் தொழிலாளர் லயன் வீட்டில் அம்மா சாந்தாமேரி, அமலி, மணி என்று மூன்று பேர்தான். அம்மா காப்பிப் பழம் பறிக்கப் போவாள். அமலி எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள். பழம் நிறுத்து முடித்துத் தாய்மார்கள் வந்து பிள்ளைகளை வாங்கிப் போவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை காப்பக வாசலில் மணி படுத்துக் கிடப்பான். அவள் கதவைச் சாத்தியதும் எழுந்து உடம்பை உதறிவிட்டு முன்னால் நடப்பான்.

அவன் சாகிறபோது அமலி அழவில்லை. கடைசி நாட்களில் யார் வைத்தாலும் தின்னாமல், அவள் கரண்டியால் ஊட்டிய கஞ்சியை மட்டும் நக்கினான். ஒரு காலையில் அதையும் நக்கவில்லை. கொய்யா மரத்தடியில் புதைத்துவிட்டு, குளித்து, வேலைக்குப் போனாள். சாயங்காலம் காப்பகக் கதவைச் சாத்திவிட்டு, யாருக்காகவோ காத்து நின்றுகொண்டிருப்பது தெரிந்ததும் அவளுக்கே பயமாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பச்சை குத்துகிற காளியாயி லயன் பக்கம் வந்தாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து புருஷன் பேர், சிலுவை, தேள், கோலம் என்று குத்திக்கொண்டிருந்தார்கள். அமலியும் கையை நீட்டினாள்.

“எனக்கு ஒரு நாய் குத்தோணுங்க.”

“நாயா?” காளியாயி ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். “நாயெல்லாம் எனக்கு வராது கண்ணு. பன்னியாட்ட வந்துரும், அப்பறம் என்னியத் திட்டுவ. குருவி குத்தட்டுமா?”

“குருவி வேண்டாங்க. அப்படீன்னா பேரு மட்டும் எழுதுங்க. மணி.”

வலது முன்கையில் இரண்டே எழுத்து. வலித்தது. வலிக்க வலிக்க மனசு கொஞ்சம் லேசானதுபோல இருந்தது. அன்றைக்கு அவளுக்கு அது போதும்.

வினை பத்தே நாளில் வந்தது. ரவிக்கை அளவு வாங்கிப்போக மாப்பிள்ளையின் அத்தை வந்தார். அமலி கையைத் தூக்கிக்கொண்டு நிற்க, நாடாவை வைத்து அளந்தவரின் பார்வை முன்கையில் நின்றுவிட்டது. பாதிக் காப்பியை டம்ளரோடு வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார். பஸ்ஸுக்கு இன்னும் வெகு நேரம் இருந்தது.

அடுத்தடுத்த நாட்களில் ஆள் வந்துபோனதில் சேதி தெரிந்தது. பெண்ணின் கையில் ஆம்பளைப் பேர் இருக்கிறது, ‘அவன் போயிட்டான்’ என்று யாரையோ பற்றி அவள் லயனில் சொல்லித் திரிகிறாள், ஓலை வாசிக்க வேண்டாம் என்று சாமியாரிடம் சொல்லிவிடுங்கள்.

சாந்தாமேரி தலையில் அடித்துக்கொண்டாள். “உங்கொப்பனுக்கு நாய்க்கு வெக்கறதுக்கு வேற பேரே கெடைக்கலியா? டைகருன்னு வெச்சிருந்தா இந்தப் பாடு உண்டா?”

சம்பந்தத்தைப் பேசி வைத்தவர் உபதேசியார் சிங்கராயர். கோயிலில் செபம் சொல்லிக் கொடுப்பவர், வாக்குத் தவறாதவர் என்று பேர் எடுத்தவர். அவர் போய் ‘அது நாய்ப் பேருங்க’ என்று சொல்லிப் பார்த்தார். கல்யாணம் பேசி வைக்கிற ஆள் வேறென்ன சொல்வார் என்று அவர்கள் காதில் வாங்கவில்லை.

அமலி இரண்டு நாள் நீளக் கைச் சட்டைக்குள் கையை மறைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் அதைக் கழற்றிக் கொடியில் போட்டாள்.

“நானே போயிச் சொல்றேம்மா. இல்லீன்னா காலம் பூராவும் இந்தக் கையை ஒளிச்சு வெச்சுட்டுத் திரியோணும்.”

“பொண்ணு மாப்பளயூட்டுக்குப் போறதா? ஊரு சிரிக்கும்.”

“இப்பவும் சிரிச்சுட்டுத்தான் இருக்குது.”

ஞாயிறு பூசை முடிந்து உபதேசியாரோடு சேர்த்து மூன்று பேரும் குப்பனூர் இறக்கத்துப் பஸ் ஏறினார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் சாந்தாமேரி ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள். உபதேசியார் வழி நெடுகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். காப்பி கொடுக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா அந்தோணியம்மாள் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஜவ்வரிசி மில்லில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை மனுவேல் உள்கதவுப் பக்கம் சுவரில் சாய்ந்து நின்றான். பெண் பார்க்க வந்தபோது இருந்ததைவிட இளைத்திருந்தான்.

“சொல்லும்மா,” என்றார் அந்தோணியம்மாள். “மணிங்கறது யாரு?”

“நாயிங்க. எங்கூட்டு நாய். போன மாசம் போயிட்டானுங்க.”

“போயிட்டானா?” அந்தம்மாள் அங்கேயே பிடித்துக்கொண்டார். “நாயின்னா செத்துப்போச்சுன்னுதான சொல்லோணும்? போயிட்டான்னா சொல்லுவாங்க?”

சாந்தாமேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “அவ எப்பவும் அப்படித்தானுங்க பேசுவா…”

“நீங்க இருங்க. அவ சொல்லட்டும்.”

வரும்போது பஸ்ஸில் அமலி யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. அதனால் மனசில் முதலில் வந்ததைச் சொன்னாள்.

“ஒரு நாளு வேல முடிஞ்சு வாரேனுங்க. நொம்ப மஞ்சு. முன்னால ஆளு நின்னாலும் தெரியாது. மணி திடீருன்னு திரும்பி வந்து எம் முழங்காலு மேல குறுக்க சாஞ்சு நின்னுட்டானுங்க. அவன் கொலைக்காத ஆளே கெடையாது, அணிலப் பாத்தாலும் கொலைப்பான். அன்னிக்கு ஒரு சத்தமில்ல. ஒடம்பு மட்டும் நடுங்குது. நகருடான்னு தள்ளுனா நகர மாட்டேங்கறான். அப்பறம் மஞ்சு வெலகுச்சுங்க. பாதையில காட்டெருமை நிக்குது. கைய நீட்டுனா தொட்டுரலாம், அத்தன கிட்ட. அது எங்களப் பாத்துட்டு மெதுவா காப்பிச் செடிக்குள்ள போகற வரைக்கும் அவன் எங்காலு மேல இருந்து நகரலீங்க. போனதுக்கப்பறம் கொலைச்சான் பாருங்க, ஊடு போயிச் சேர்ற வரைக்கும் நிறுத்தல.”

அவள் கையை முன்னால் நீட்டினாள்.

“எங்கப்பன் போனப்பறம் அவந்தானுங்க எனக்குத் தொணை. அதான் எழுதிக்கிட்டேன். இதுல தப்பிருந்தா நாங்க போயிடறோம். ஆனா வேற ஆளு இல்லீங்க.”

அந்தோணியம்மாளின் முகம் இளகுவதுபோலவும் இருந்தது, இளகாததுபோலவும் இருந்தது. அவர் மகனைப் பார்த்தார். மகன் அமலியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் உபதேசியார் எழுந்தார். இரண்டு முறை செருமினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கி, சுவர்ப் பக்கம் திரும்பிக் காலைக் காட்டினார். கெண்டைக்காலில் பல் பதிந்த பழைய தழும்பு வரிசையாக இருந்தது.

“இது மணி கடிச்சதுங்க,” என்றார், சுவரைப் பார்த்தபடியே. “போன தவக்காலத்துல. லயன்ல பக்கத்தூடு மந்திரிக்கப் போனேன். தீர்த்தத்தத் தெளிக்கக் கையை ஓங்குனனுங்களா, அடிக்கத்தான் ஓங்கறேன்னு நெனச்சுப்போட்டான். சாமியாரு கேட்டப்ப முள்ளுக்கம்பி கிழிச்சிருச்சுன்னு சொல்லிப்போட்டேன். தொப்புளச் சுத்தி ஊசி போட்டுட்டு வந்தனுங்க. உபதேசியார நாய் கடிச்சுதுன்னு வெளியில சொன்னா கோயில்ல எவன் எம் பேச்சக் கேப்பான்?”

சாந்தாமேரிக்கே இது புதுச் சேதி. வாயில் வைத்த முந்தானையை எடுத்துவிட்டு, “அடப் பாவி மணி!” என்றாள்.

முதலில் சிரித்தது மனுவேல்தான். அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தான். அந்தோணியம்மாள், “சிரிக்காதடா, பெரியவரு…” என்று அதட்டத் தொடங்கி, பாதியிலேயே அவருக்கும் வந்துவிட்டது. சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் இடம் விட்டு நகர்ந்தார்.

“இங்க வந்து உக்காரு சாமி.”

அமலி உட்கார்ந்தாள். அந்தம்மாள் அவளுடைய கையை மடியில் எடுத்து வைத்து, அந்த இரண்டு எழுத்தையும் கட்டை விரலால் தடவினார்.

“ஒரு வாரமா இவன் ஒழுங்கா சோறு உங்கல. நானும் பாதி ராத்திரி உக்காந்து கெடந்தேன். தங்கமாட்டப் புள்ள, இப்படி ஆயிப்போச்சேன்னு… நொம்ப வலிச்சுச்சா கண்ணு?”

ஊசியைத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வியில் அமலிக்கு என்னவோ அறுந்துபோயிற்று. மணியைப் புதைத்த அன்றைக்கு வராத அழுகை அத்தனையும் அப்போது வந்தது. முன்பின் பழகாத வீட்டில், மாப்பிள்ளைக்கு எதிரே, வெட்கமே இல்லாமல் தேம்பித் தேம்பி அழுதாள். அந்தோணியம்மாள் தடுக்கவில்லை. முதுகைத் தட்டிக்கொண்டே உள்ளே பார்த்து, “காப்பி வெய்யி, எல்லாருக்கும்” என்று குரல் கொடுத்தார். அழுது முடித்தபோது அமலிக்கு மூச்சு நெஞ்சு வரைக்கும் இறங்கிப் போய் வந்தது.

காப்பி டம்ளரை மனுவேலே கொண்டுவந்து நீட்டினான். பெண் பார்த்த அன்றைக்குக்கூட அவளிடம் ஒரு வார்த்தை பேசாதவன்.

“என்னையும் கடிச்சிருப்பானுங்களா?”

“கட்டாயம் கடிச்சிருப்பான்,” என்றாள் அமலி, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

“பொறவு எம் மவன் பேரையும் எழுதிக்கோ,” என்றார் அந்தோணியம்மாள். “எடம் இருக்குதுல்ல?”

“இருக்குதும்மா,” என்றான் மனுவேல். “மணிக்குக் கீழ எழுதட்டும். அவன் மூத்தவன்.”

மனுவேல் மணியை ‘அவன்’ என்று சொன்னதை அமலி கவனித்தாள். அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அமலி சன்னலோரம் உட்கார்ந்து, எழுத்து வெளியே தெரியக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மலை ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. ஓலையை வருகிற ஞாயிற்றுக்கிழமையே வாசித்துவிடலாம் என்று ஏற்பாடு.

முன்சீட்டிலிருந்து உபதேசியார் திரும்பிக் குனிந்தார். “கண்ணு, கடி சமாச்சாரம் நம்மளோட இருக்கட்டும். நாகலூர்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லிப்போடாத.”

“சொல்ல மாட்டனுங்க,” என்றாள் அமலி.

ஆனால் பின்சீட்டில் சாந்தாமேரி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாகலூர்ப் பெண்ணிடம் கதையைச் சொல்லி, உபதேசியார் வேட்டியைத் தூக்கின இடம் வரைக்கும் வந்துவிட்டிருந்தாள்.