மாடு முட்டிய கதவு

பரசுராமன் அந்தக் கார் கதவைத் தடவிக் காட்டிய பதம் இருக்கிறதே, கல்யாணமாகி மூன்று வருஷத்தில் கனகலட்சுமியை அவன் ஒரு நாள்கூட அப்படித் தொட்டதில்லை. வெள்ளி நிறக் கார். பின்கதவில், கண்ணாடிக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டொக்கு. ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற வழியில், சுடலைப் பெயிண்டரின் தகரக் கொட்டகைக்குள் வண்டி நின்றது. காலை ஷிப்ட் முடிந்து வந்தவளைக் கம்பெனி வாசலிலேயே ஏற்றிக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்டான். நெற்றி வீக்கத்தை மறைக்க அவள் முடியை இழுத்துவிட்டிருந்தாள். கம்பெனி லைனில் கேட்டவர்களிடம் பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று சொல்லியிருந்தாள். இப்படி வழுக்கி விழுந்தே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

“எதுல இடிச்சிய?” என்று சுடலை டொக்கின் மேல் கையை வைத்துக் கேட்டார். அந்தப் பேச்சைக் கேட்டதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். திசையன்விளைப் பக்கத்துப் பேச்சு. அவள் அம்மா வீட்டுப் பேச்சு.

“மாடு முட்டிச்சுய்யா. மாட்டுப் பொங்கலன்னிக்கு. திங்கக்கெழம வண்டிய கம்பெனில காட்டணும், ஸ்டாஃப் டிரிப்புக்கு எடுத்துக்கறாங்க. சின்ன கோடு இருந்தாக்கூட உள்ள வுட மாட்டான். எவ்ளோ ஆவும், அத்த சொல்லு.”

“மாடுன்னா கொம்பு கீறியிருக்கும்லா? இதுல கீறலே காணும்.”

“கொம்பு இல்லாத மாடுய்யா,” என்று பரசுராமன் இவளைப் பார்த்துச் சிரித்தான்.

சுடலை கணக்குச் சொன்னார். டொக்கு விழுந்த இடத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்தால் மூவாயிரத்தில் முடியும். ஆனால் சில்வர் கலர் பொல்லாதது, வெயிலில் நிறுத்தினால் ஒட்டுப்போட்டது பல்லைக் காட்டிவிடும். கதவு முழுக்க அடித்து, பக்கத்துக் கதவிலும் கொஞ்சம் ஏற்றிவிட்டால்தான் நிறம் சேரும். அதற்கு ஏழாயிரம். ஃபுல் பாடி என்றால் முப்பது.

“கதவு மட்டும் போதும். இவ கார்டுல கீது,” என்று பரசுராமன் சட்டைப் பையிலிருந்த பர்ஸைத் தட்டிக் காட்டினான்.

சம்பளம் அவளுடையது, கார்டு அவன் பர்ஸில். மாட்டுப் பொங்கல் சாயங்காலம் அந்தக் கார்டைத்தான் கேட்டாள், ஊருக்குப் பஸ் டிக்கெட் எடுக்க. வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவன் பேச்சே இல்லாமல் சடையைப் பிடித்து, குனிய வைத்து, கதவில் ஒரே மோது மோதினான். அவள் கண் இருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தபோது அவனும் குனிந்து பார்த்தான். பாவி, கதவைத்தான் பார்த்தான்.

சுடலை ஸ்குரூ டிரைவரால் கண்ணாடி ஓரத்து ரப்பரை நெம்பி எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். ரப்பருக்கடியிலிருந்து ஏதோ அவர் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அரக்குச் சிவப்பில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அவர் அதைப் பார்த்தார், அப்புறம் மெல்ல அவள் நெற்றியைப் பார்த்தார். அதே நிறம், அதே அளவு, அட்டையில் அடுத்தடுத்து இருந்தவை.

“மாட்டுப் பொங்கல் மாடாச்சே, பொட்டு வெச்சிகினுதான் வரும்,” என்றான் பரசுராமன். சிரிப்பு மட்டும் போய்விட்டிருந்தது. “அங்க இன்னா பாக்கற? நீ வண்டிய மட்டும் பாருய்யா.”

சுடலை அந்தப் பொட்டைப் பட்டி டப்பாவின் மூடியில் ஒட்டிவிட்டு, கதவின் உள்பலகையைக் கழற்றி, சுத்தியலை உள்ளே விட்டுத் தட்ட ஆரம்பித்தார். டங். டங். ஒவ்வொரு அடியும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளின் மண்டைக்குள் விழுந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். தகரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அதற்கு மேல், பள்ளம் தெரியாதிருக்க, சாம்பல் நிறப் பட்டியை வழித்துப் பூசினார். கதவுக்கு எத்தனை வைத்தியம்! இவளுக்கு ஒரு மாத்திரை வாங்கித்தர ஆளில்லை.

“பட்டி மிச்சம் கீதா? இவளுக்கும் கொஞ்சம் பூசு. கன்னம் ரெண்டும் டொக்கு வுழுந்துகீது,” என்றான் பரசுராமன்.

“மாடு இல்லண்ணே,” என்றாள் அவள். “எந் தலை.”

சொல்லி முடிக்கவில்லை, அறை விழுந்தது. ஸ்டூலோடு சாய்ந்தாள். காதுக்குள் குய்யென்றது. “வெளில வந்து மானத்த வாங்கறியா? வூட்டுக்கு வா, இன்னிக்கு உன்ன பொதைக்கறேன்!” அடுத்த உதை இடுப்பில் விழுந்தது. கையை ஊன்றி எழப்போனவளின் விரலில் சுத்தியல் தட்டுப்பட்டது.

எழுந்தவள் அவனை அடிக்கவில்லை. பானட்டில் ஒரு போடு போட்டாள். கொட்டகையே அதிர்ந்தது.

“அய்யோ! வண்டிடி!” என்று அலறினான். மூன்று வருஷம் அவள் மேல் விழுந்த அடிக்கு ஒரு தடவைகூட அந்த அய்யோ வந்ததில்லை.

“கார்டு,” என்றாள்.

“பைத்தியம் புட்சிகிச்சா ஒனக்கு? தர மாட்டேன்டி!”

முன்சக்கரத்துக்கு மேலே ஒன்று. வெள்ளி நிறம் செதில் செதிலாகத் தெறித்தது. “கார்டு.”

பாய்ந்து வந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு வீசினாள். மணிக்கட்டில் பட்டது. என்னமோ முறிகிற சத்தம் கேட்டது. கையைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டான். அவள் நிறுத்தவில்லை. கூரையில் ஒன்று, டிக்கியில் ஒன்று.

“யோவ், புடிய்யா அவள!”

“வண்டிய மட்டும் பாக்கச் சொன்னியளே, சார்,” என்றார் சுடலை. ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

முன்கண்ணாடி முதல் அடியிலேயே வலைபோல விரிசல் விட்டது. பட்டி பூசிய கதவுக்கு நேராக அவள் சுத்தியலை ஓங்கியபோது, “இந்தா, எட்துகினு போ!” என்று இடக்கையால் பர்ஸைத் துழாவிக் கார்டைத் தரையில் எறிந்தான். உப்புத்தாள் கழுவிய சேற்றுத் தண்ணீரில் அது விழுந்தது. அவள் எடுத்துத் தன் கம்பெனிக் கோட்டில் துடைத்துக்கொண்டாள்.

“இப்ப எவ்வளவுண்ணே ஆகும்?”

சுடலை வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தார். “ஃபுல் பாடிதாம்மா. முப்பது. கண்ணாடி தனி.”

“எங்கடி போயிடுவ?” என்று பரசுராமன் குந்தியபடியே கத்தினான். “ராத்திரி என் வூட்டுக்குத்தானே வரணும்? வா. வா நீ.”

அவள் கொட்டகையை விட்டு வெளியே வந்து ரோட்டோரம் நின்றாள். ஷேர் ஆட்டோ ஒன்று பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது. டிரைவர் அவள் கையைப் பார்த்தான், கியரை மாற்றிக்கொண்டு போய்விட்டான். அப்போதுதான் அவளும் பார்த்தாள், சுத்தியல் இன்னும் கையில் இருந்தது. திரும்பினாள். சுடலை கொட்டகை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால், அவள் அடிக்காமல் விட்ட அந்தப் பின்கதவில் பட்டி காய்ந்துகொண்டிருந்தது.