பதினோராவது ஸ்க்ரூ

லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருப்பவளுக்கு அட்டைக்காரி என்று பெயர் வந்ததற்குக் காரணம், கடைச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த அட்டைகள். செருப்புப் பெட்டியை வெட்டி, மாடலுக்கு ஓர் அட்டை. அதில் லேப்டாப்பின் முதுகை வரைந்து, ஸ்க்ரூ வருகிற இடத்திலெல்லாம் ஊசியால் ஓட்டை போட்டிருப்பாள். மெஷினைத் திறக்கும்போது கழற்றுகிற ஸ்க்ரூவை அதனதன் ஓட்டையில் செருகி வைப்பாள். மூடும்போது அங்கிருந்து எடுத்து அதே இடத்தில் போடுவாள். குட்டையானது குட்டை இடத்துக்கு, நீளமானது நீள இடத்துக்கு. இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்கலாம். மூடி முடித்தபின் இரண்டு ஸ்க்ரூ மிஞ்சினால், கம்பெனிக்காரன் கூடுதலாகப் போட்டிருக்கிறான் என்று கூசாமல் சொல்கிற ஆட்கள் அதே தெருவில் நான்கு பேர் இருந்தார்கள். அவளிடம் பதினான்கு வருஷத்தில் ஒன்றுகூட மிஞ்சியதில்லை, இடம் மாறியதில்லை. இந்தப் பெருமையை அவளாக வாய்விட்டுச் சொல்லமாட்டாள். யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டாள்.

அவளுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. இதுவரை செய்யாத வேலை எதுவானாலும் முதலில் தன் வீட்டு மெஷினில் செய்து பார்ப்பாள். கெட்டால் என் பொருள் கெடட்டும், அடுத்தவன் பொருளில் கை பழகக்கூடாது என்பது அவள் கட்சி.

டெய்லர் மாஸ்டர் தன் கேமிங் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தபோதும் அதைத்தான் செய்தாள். மாஸ்டருக்கு ஐம்பது வயதிருக்கும். எம்பிராய்டரி டிசைன் போடத்தான் அந்த மெஷின் என்று கேட்காமலே சொன்னார். கார் ரேஸ் விளையாடுவதை அவர் சொல்லவில்லை, திரையைத் திறந்ததும் அதுவே சொல்லிவிட்டது.

"டிசைன் பெருசாப் போட்டா அப்படியே நின்னுடுது தங்கச்சி. என்னென்ன மாத்தணுமோ மாத்திடு. பேட்டரியும் அரை மணி நேரம்தான் நிக்குது."

"ரேஸுக்கு அரை மணி நேரம் பத்தாதுதான் மாஸ்டர்."

மாஸ்டர் சிரித்து மழுப்பினார்.

அவள் மகனிடம் இருந்ததும் அதே மாடல்தான். பரீட்சை முடிகிறவரை தொடக்கூடாது என்று பிடுங்கி அலமாரியில் பூட்டியிருந்தாள். அதை எடுத்து வந்து வேலையை ஆரம்பித்தாள். பழைய எட்டு ஜிபி மெமரியைக் கழற்றிவிட்டுப் பதினாறு பதினாறாக இரண்டு. டப்பா மாதிரி இருந்த ஹார்டு டிஸ்க்கையும் அதைத் தாங்கியிருந்த தகட்டுச் சட்டத்தையும் எடுத்துவிட்டு, விரல் நீளத்தில் ஒரு எஸ்எஸ்டி. டிஸ்க் போனதும் உள்ளே ஒரு மூலை காலியானது. அந்த மூலையையும் சேர்த்து அடைத்துக்கொள்ளும் பெரிய பேட்டரி ஒன்று அதே மாடலுக்குக் கிடைத்தது, அதையும் போட்டாள். கடைசியில் அட்டையைப் பார்த்துப் பதினோரு ஸ்க்ரூ. பத்து குட்டை, இடது மூலையில் ஒன்று நீளம். கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தாள். காற்று மாதிரி ஓடியது. மகனுக்குச் சொல்லாமல் திரும்ப அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பரீட்சை முடிந்து வந்து திறந்து பார்க்கட்டும், வாயடைத்துப் போகட்டும்.

மறுநாள் அதே மாதிரி மாஸ்டரின் லேப்டாப்பையும் முடித்துக் கொடுத்தாள்.

இதெல்லாம் போன வாரம். இன்று மகனுக்குக் கடைசிப் பரீட்சை. காலையில் கிளம்பும்போது அலமாரிச் சாவியை அவன் கையில் கொடுத்து, மத்தியானம் வந்து ஆசை தீர விளையாடு என்று சொல்லிவிட்டுத்தான் கடைக்கு வந்தாள்.

மணி இரண்டரை இருக்கும். மாஸ்டர் போன் பண்ணினார்.

"தங்கச்சி, ஒரு சந்தேகம். லேப்டாப்புக்கு சென்ட் கிண்ட் ஏதாவது அடிச்சுக் குடுத்தியா?"

"சென்ட்டா?"

"காலையிலேர்ந்து ஓடிட்டிருக்கு. இப்ப கொஞ்ச நேரமா ஒரு வாசனை. கனிஞ்ச பழம் மாதிரி, நகப் பாலிஷ் மாதிரி. நல்லாத்தான் இருக்கு. அதான் கேட்டேன்."

அந்த வாசனை எங்கிருந்து வரும் என்று அவளுக்குத் தெரியும். பேட்டரியின் உறை கிழிந்தால் வரும், வேறு எதிலிருந்தும் வராது.

"மாஸ்டர், நான் சொல்றத அப்படியே செய்யுங்க. சார்ஜர் செருகியிருக்கா?"

"ஆமா."

"சுவர்ல ஸ்விட்ச அணைங்க. மொதல்ல அது."

டக்கென்று சத்தம் கேட்டது.

"லேப்டாப் பக்கத்துல துணி எதுவும் இருக்கா?"

"நான் டெய்லர்மா. லேப்டாப்பே துணி மேலதான் இருக்கு."

"பலகை ஏதாவது அடியில குடுத்துத் தூக்கிட்டுப் போய் வெளியில வெச்சுடுங்க. வெறும் சிமெண்ட் தரையில. முகத்துக்கு நேரா பிடிக்காதீங்க. வெச்சுட்டு தள்ளி வந்துடுங்க. அக்காவையும் கீழ வரச் சொல்லுங்க."

"அவ எப்படி வருவா? கால்ல கட்டுப் போட்டு மாடியில படுத்திருக்கா."

அவள் ஷட்டரைக்கூட முழுசாக இறக்கவில்லை. அந்த மாடலின் அட்டை, டூல்ஸ் பை, வாசலில் நெருப்புக்கென்று வைத்திருந்த மணல் வாளி மூன்றையும் ஸ்கூட்டரில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். போனைப் பையின் அடியில் போட்டதுதான், பிறகு அந்த நினைவே இல்லை.

வழியெல்லாம் மனசு போன வாரத்தையே துருவிக்கொண்டிருந்தது. எங்கே கை தவறியது? மாஸ்டரின் மெஷினை மூடும்போது யாரோ ஒருவன் வந்து சார்ஜர் கேட்டான். எழுந்து போய் எடுத்துக் கொடுத்தாள். அப்போதுதான் மாறியிருக்க வேண்டும். நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முடுக்கிவிட்டால் அது நேராக உள்ளே போய்ப் பேட்டரியைக் குத்தும். உடனே தெரியாது. மெஷின் சூடாகி, பேட்டரி ஒரு நூல் உப்பி, ஸ்க்ரூவின் மூக்கில் போய் உட்காரும்போதுதான் கிழியும். பதினான்கு வருஷம் கட்டிக் காத்தது ஒரு சார்ஜரால் போய்விட்டதே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. மாஸ்டரின் கடை அவர் வீட்டின் முன்னறை. தரையிலிருந்து உத்தரம் வரை துணி. மேலே எழுந்து நடக்க முடியாத மனைவி. அந்த நினைப்பு வந்ததும் ஆத்திரம் போய் பயம் மட்டும் மிஞ்சியது.

புகை எதுவும் தெரியவில்லை. மாஸ்டர் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார். லேப்டாப்பை இஸ்திரிப் பலகையோடு தூக்கி வந்து குழாயடியில் வைத்திருந்தார். அதன் அடிப்பாகம் மழையில் நனைந்த புத்தகம் மாதிரி ஒரு பக்கம் பருத்திருந்தது. வாசனை முற்றம் முழுக்க இருந்தது.

"மணலைக் கொட்டி மூடிட வேண்டியதுதானே?" என்றார் மாஸ்டர்.

அதுதான் சரி. அவளுக்கும் தெரியும். வேறு யாராவது இதைத் திறக்கப் போனால் கையில் ஓர் அடி போட்டிருப்பாள். ஆனாலும் தான் எங்கே தவறினோம் என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியாது, அப்படி ஒரு பிடிவாதம். கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்தாள். அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். முதலாவது குட்டை, சரி. இரண்டாவது குட்டை, சரி. பத்து வரைக்கும் எல்லாம் குட்டை, எல்லாம் அதனதன் இடத்தில். பதினோராவது, இடது மூலை. நீளம். அட்டையிலும் அந்த இடத்தில் நீளம்தான்.

ஒன்றுகூட மாறவில்லை.

"என் கை தப்புப் பண்ணல மாஸ்டர்" என்றாள். குரலில் அவளையறியாமல் ஒரு நிம்மதி. சிரிப்புகூட வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்து அவள் பிறகு தன்னை மன்னிக்கவே இல்லை.

"அப்ப வேற யாரு பண்ணது?"

அவள் அந்த ஸ்க்ரூவைத் திருப்பிப் பார்த்தாள். நுனி கறுத்துப்போய் ஈரமாக இருந்தது. கவரைத் தூக்கினாள். அந்த ஓட்டைக்கு நேர் கீழே பேட்டரியின் ஓரத்தில் ஊசி குத்தினாற்போல ஒரு பொத்தல், அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு.

புரிந்துவிட்டது. முன்பு அந்த மூலையில் ஹார்டு டிஸ்க்கின் தகட்டுச் சட்டம் இருந்தது. கவரையும் சட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கத்தான் அந்த ஒரு ஸ்க்ரூ மட்டும் நீளம். சட்டத்தை அவளே எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் பேட்டரியையும் அவளே வைத்தாள். பிறகு அட்டையைப் பார்த்து, கொஞ்சமும் பிசகாமல், நீளத்தை நீள இடத்தில் முடுக்கியிருக்கிறாள். அட்டை சரிதான், அது பழைய மெஷினைப் பார்த்து வரைந்தது.

உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. இணைப்பைப் பிடுங்கி, பேட்டரியை நெம்பி எடுத்து, குறட்டால் பிடித்து வாளியில் போட்டு மணலை அள்ளி மூடினாள். "உள்ள போங்க" என்று மாஸ்டரைத் தள்ளிக்கொண்டு கதவுக்குப் பின்னால் வந்தாள். ஐந்தாறு மூச்சு விடுகிற நேரம்தான். மணல் பிளந்து வெள்ளைப் புகை பீறிட்டது, பின்னாலேயே தீ. ஆள் உயரத்துக்கு எழும்பி, கொடியில் காய்ந்த சட்டை ஒன்றைத் தொட்டுக் கருக்கிவிட்டு அடங்கியது. பிளாஸ்டிக் வாளி உருகித் தரையோடு ஒட்டிக்கொண்டது.

மாடியிலிருந்து மாஸ்டரின் மனைவி என்ன சத்தம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று இவர் குரல் கொடுத்தார். பிறகு அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"எங்க தொழில்லயும் இது உண்டு தங்கச்சி. ஆள் பருத்திருப்பான், நாம பழைய அளவுச் சீட்டப் பாத்து வெட்டிடுவோம். வெட்டு சுத்தமா இருக்கும், சட்டைதான் சேராது." அட்டையை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "விடு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. இதே மாதிரி வேற யாருக்கும் பண்ணிக் குடுத்தியா?"

"ஒருத்தருக்கு" என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான் அந்த ஒருத்தர் யார் என்று உறைத்தது.

பையைத் தரையில் கவிழ்த்துப் போனைத் தேடினாள். ஒரு மணி ஐம்பதுக்கு மகன் அனுப்பியது: அம்மா, சான்ஸே இல்ல. பறக்குது. சாப்பாடு அப்புறம். இரண்டே முக்காலுக்கு ஒன்று: அம்மா, லேப்டாப்ல ஏதாவது வாசனையா தடவி வெச்சியா? நல்லாருக்கு. இப்போது மணி மூன்று பத்து.

மகனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எடுக்கமாட்டான். விளையாடும்போது காதில் பெரிய ஹெட்போன் மாட்டியிருப்பான். வெளிச் சத்தம் துளி கேட்காத மாதிரிப் பார்த்து வாங்கிக் கொடுத்தது அவள்தான். அச்சகத்தில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்குகிற அவன் அப்பாவுக்குத் தொந்தரவு இருக்கக்கூடாதே என்றுதான் வாங்கினாள். கணவனுக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தூங்கும்போது போனை அணைத்து வை என்று சட்டம் போட்டதும் அவள்தான். இருப்பதோ ஒரே படுக்கையறை. அப்பா கட்டிலில் தூங்குவார், மகன் அதே கட்டிலின் ஓரத்தில் சாய்ந்து, மெத்தைமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு விளையாடுவான். எதிர் வீடு ஒரு மாதமாகக் காலி.

மாஸ்டர் அதைப் பார்த்தே புரிந்துகொண்டார். தன் போனை எடுத்துத் தீயணைப்புக்கு அடித்துவிட்டு, "அட்ரஸ் சொல்லு" என்றார். எந்த மாடலுக்கு எந்த மூலையில் எத்தனை ஸ்க்ரூ என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவள், தன் வீட்டுக் கதவு எண்ணைத் தப்பாகச் சொன்னாள். பிறகு திருத்திச் சொன்னாள். அவர் அதைப் போனில் மெதுவாகத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் மகனுக்கு மறுபடி அடித்தாள். மறுபடியும் அடித்தாள். நான்காம் தடவை மணி பாதியிலேயே நின்றது. அவன்தான் கட் பண்ணியிருக்கிறான். அப்படியானால் இருக்கிறான், விரல் அசைகிறது, போனைப் பார்க்கிறான். லேப்டாப்பை அப்படியே போட்டுவிட்டு அப்பாவை எழுப்பிக்கொண்டு வெளியே ஓடு என்று தட்டி அனுப்பினாள். எழுத்துகள் தாறுமாறாக விழுந்தன. திருத்த நேரமில்லை.

அது போய்ச் சேர்ந்தது. அவன் படிக்கவில்லை. அதற்குக் கீழே, அவன் அதற்கு முன்பே தட்டியிருந்த பதில் வந்து விழுந்தது.

அஞ்சு நிமிஷம்மா, கடைசி லெவல். போன் அடிக்காத, அப்பா தூங்கறார்.