ஹப்ஸாவின் குரல் கடையில் நின்ற ஒன்பது நாட்கள்

ஹப்ஸா வேலையை விட்டு வீட்டுக்கு வந்தபோது அவளுடைய குரல் மட்டும் கூட வரவில்லை. அது கல்முனை பஸாரில் ஜவுபர் ஹாஜியாரின் புடவைக்கடையில், பெண்கள் மேலங்கியாகப் போடும் அபாயாவுக்கான துணி அடுக்கிய தட்டுக்குப் பக்கத்தில் நின்று, என்ன நிறம் வேண்டும் என்று வந்தவர்களை வழமைபோலக் கேட்டுக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்கள் முதல் நாள் அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டாம் நாள் பார்க்கவில்லை. குரல் சொன்ன துணி எதுவும் சாயம் போகாததால் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

ஹப்ஸா வேலையை விட்ட விதத்தை எங்கள் ஊர் இன்றைக்கும் மெச்சுகிறது. பதினொரு வருடம் அந்தக் கடையில் நின்றவள், அட்டாளைச்சேனையில் பாலர் பாடசாலை ஆசிரியையாக இடம் கிடைத்ததும் ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுத்தாள். அந்த மாதம் முழுக்க, புதிதாக வந்த றுமானாவுக்குத் துணி வெட்டவும் ஆள் பார்த்து நிறம் எடுத்துப் போடவும் பழக்கினாள். ஹாஜியாரின் எரிச்சல் தாங்காமல்தானே போகிறாய் என்று வாயைக் கிண்டியவர்களிடம், "இல்ல, புள்ளையளுக்குப் படிப்பிக்க ஆச" என்று மட்டும் சொன்னாள். எத்தனை பேருக்கு இந்த வாயடக்கம் வரும்? ஆனால் ஒரு பிழை விட்டாள். பிரிகிறவர்கள் தெரிந்தும் தெரியாமலும் செய்த குற்றங்களுக்கு ஒருவரிடம் ஒருவர் பொருத்தம் கேட்பதும், மற்றவர் வாய்திறந்து "பொருந்தினேன்" என்று மன்னிப்பதும் இங்கே வழக்கம். முன்னால் நின்றால் அழுதுவிடுவோம் என்று பயந்தவள், ஹாஜியார் பகல் லுஹர் தொழப் போன நேரம் பார்த்துச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, பொருத்தம் கேட்காமலே வந்துவிட்டாள்.

பாடசாலை பத்தாம் நாள் தொடங்க இருந்தது. முப்பது சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் ஊமையாக நின்று என்ன பாட்டுச் சொல்லிக்கொடுப்பது? டாக்டர் தொண்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது, குரல்தான் இல்லை என்றார். கடைக்குப் போய்ச் சண்டை பிடிக்கப் புறப்பட்ட கணவன் மிஹ்லாரைக் கையைப் பிடித்து நிறுத்தியவளும் ஹப்ஸாதான்.

ஹாஜியாருக்கு முதலில் சந்தோசம். சம்பளமும் லீவும் கேட்காத குரல் யாருக்குக் கிடைக்கும்? ஆனால் தினமும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கடை ஓய்ந்திருக்கும்போது அது ஒரே கேள்வியைக் கேட்டது: "புள்ளைக்குக் காய்ச்சல், நான் போகட்டுமா ஹாஜியார்?" இரண்டு வருடத்துக்கு முன் பெருநாள் சீசனில் அவள் அப்படிக் கேட்டபோது அவர் போக விடவில்லை. குரலில் கோபமே இல்லை, அதுதான் அவரை வதைத்தது. எட்டாம் நாள் அவருக்குப் பிளேன்டீயும் இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஹப்ஸா வந்தாள். பொருத்தம் கேட்டு எழுதிய கடதாசியை இரண்டு கையாலும் நீட்டினாள். ஹாஜியார் வாசித்துவிட்டு, ஆட்களுக்கு முன்னாலேயே கதிரையை விட்டு எழும்பினார். அந்த மனிதர் யாருக்கும் எழும்பியதை நாங்கள் கண்டதில்லை.

"நான் பொருந்திட்டன் தங்கச்சி. இப்ப நான் கேக்கிறன். புள்ளைக்குக் காய்ச்சல் எண்டு சொன்ன அண்டைக்கு உங்களப் போக உடல்ல. அது என்ட பிழ. பொருந்திக்கங்க."

ஹப்ஸா தலையாட்டினாள். தலையாட்டினால் போதாது என்பது இருவருக்கும் தெரியும். அப்போது, "நான்" என்ற சொல் அபாயாத் தட்டிலிருந்து வந்தது. "பொருந்தினேன்" என்பது மேசைக்கு மேலே நடுவில் கேட்டது. "ஹாஜியார்" என்றது ஹப்ஸாவின் வாய். பிறகு அவள் சத்தமாக அழுதாள், அழுகையும் அவள் வாயிலிருந்தே வந்தது.

தட்டுக்கு முன்னால் துணி எடுக்க நின்ற பெண், "அப்ப இனி நாங்க யாரிட்டக் கேக்கிற?" என்றாள். ஹாஜியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு றுமானாவைக் காட்டினார்.