பதினொரு மணிக்கு மேல் வேலை செய்யாத மணிகள்

2004 ஜனவரியில், திண்டுக்கல் பேகம்பூரில் அப்துல் கையூமின் தோல் பதனிடும் ஷாப் மொட்டைமாடிக்கு ஜெஸ்ஸி இரண்டு அகலமான பிளாஸ்டிக் தொட்டிகளைத் தூக்கிவந்து வைத்தாள். அதே ஊரில் ஒரு கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர் அவள். பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வும் செய்துகொண்டிருந்தாள்.

அவள் செய்திருந்தது பாலிமர் மணிகள். ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி வழுவழுப்பாக, ரோஜா நிறத்தில் இருக்கும். அந்த நிறம் ஒரு சாயம். வெயில் பட்டால் அந்தச் சாயம் ஒளியின் சக்தியை வாங்கித் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனுக்குக் கொடுக்கும். வேகம் பிடித்த ஆக்சிஜன், தோலில் முடி நீக்கப் போடும் சல்பைடைச் சிதைத்துவிடும். அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமே அந்தச் சல்பைடுதான். மணிகள் செலவாகாது, வேலையை முடுக்கிவிடுவதோடு சரி. மறுநாளும் அதே மணிகளைப் போடலாம்.

மணிகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. தண்ணீர் முப்பத்திரண்டு டிகிரிக்கு மேல் சூடானால், குடித்த தண்ணீரைக் கக்கிவிட்டுச் சுருங்கி அடியில் படியும். ஆறினால் மறுபடி தண்ணீர் குடித்து ஊதிக்கொள்ளும். வேலை முடிந்ததும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி மணிகளைச் சுலபமாகப் பிரித்தெடுக்கலாம் என்றுதான் ஜெஸ்ஸி இந்தப் பாலிமரைத் தேர்ந்தெடுத்திருந்தாள். கல்லூரி ஆய்வகத்தில் விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் சரியாக நடந்தது.

இரண்டு தொட்டியிலும் முடி நீக்கத் தோல் ஊறிய கையூமின் சுண்ணாம்புத் தொட்டித் தண்ணீரை ஊற்றினாள். ஒன்றில் மட்டும் மணிகளைப் போட்டாள். பகலில் அவளுக்கு வகுப்பு இருந்ததால், ஷாப்பில் தோல் கழுவும் வியாகுலம்மாளிடம் ஒரு கட்டுச் சோதனைத்தாளைக் கொடுத்தாள். சல்பைடு இருந்தால் தாள் கறுக்கும்.

"ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா ரெண்டு தொட்டியிலயும் ஒவ்வொண்ணு நனைச்சு இந்த நோட்டுல ஒட்டிருங்கக்கா. பக்கத்துல நேரத்தை எழுதிருங்க."

"ஒட்டுறேன் டீச்சர். இந்த நாத்தத்துல எனக்கு தெனமும் மண்டையிடி. போகுதான்னு நானும் பாக்கணும்."

சாயங்காலம் வந்து நோட்டைப் பிரித்த ஜெஸ்ஸி குழம்பிப்போனாள். மணி போடாத தொட்டியின் தாள்கள் எல்லாமே கறுப்பு. மணி போட்ட தொட்டியில் எட்டு மணித் தாள் கறுப்பு, ஒன்பதுக்குக் கரும்பழுப்பு, பதினொன்றுக்கு வெறும் பழுப்பு. அதற்குப் பிறகு நாலு மணி வரை அதே பழுப்பு. வெயில் சுள்ளென்று அடிக்கும் நேரத்தில் வேலை நின்றுபோயிருந்தது.

'வெயில் ஜாஸ்தியாகி சாயம் வெளுத்துருக்கும்' என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் ஐந்து மணித் தாள் அதையும்விட வெளுப்பாக இருந்தது. செத்துப்போன சாயம் சாயங்காலம் எப்படி உயிர்த்தெழும்?

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும்.

"எங்க ஆளுக மாதிரியே இருக்கேம்மா, மத்தியானம் ஒரு தூக்கம் போடுதுக" என்று கையூம் சிரித்தார்.

ஜெஸ்ஸிக்குச் சிரிப்பு வரவில்லை. சூட்டினால் மணிகள் சுருங்கியிருக்குமோ என்று யோசித்து, வியாகுலம்மாளிடம் தெர்மாமீட்டர் கொடுத்து எழுதச் சொன்னாள். தை மாதக் காற்றில் உச்சி வேளையிலும் தண்ணீர் முப்பதைத் தாண்டவில்லை. முப்பத்திரண்டு இல்லாமல் சுருங்க வழியில்லை. அந்தச் சந்தேகத்தை அடித்துவிட்டாள்.

சனிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு மாடியிலேயே உட்கார்ந்தாள். பதினொன்றரைக்கு எட்டிப் பார்த்தபோது, தண்ணீர் முழுக்க மிதந்து திரிந்த மணிகள் ஒன்றுகூட இல்லை. அடியில் கடுகு கடுகாய், வெளிறிப்போய்க் கிடந்தன. தெர்மாமீட்டர் இருபத்தெட்டு காட்டியது.

"அக்கா! இங்க வாங்க, இதைப் பாருங்க!"

வியாகுலம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "தெனமும் இப்படித்தானே டீச்சர் சுருங்கிப் படுத்துக்குதுக. பொழுது சாய மேல வந்துரும்."

"ஏங்க்கா, எங்கிட்ட சொல்லலையே?"

"தாளை ஒட்டத்தானே சொன்னீக? மணியைப் பத்திக் கேக்கலையே."

ஜெஸ்ஸி நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள். தவறு தன்னுடையதுதான். சுருங்கிய மணிக்குள் அழுக்குத் தண்ணீர் நுழைய முடியாது, அதனால்தான் வேலை நிற்கிறது. ஆனால் முப்பத்திரண்டில் சுருங்கவேண்டியது இருபத்தெட்டிலேயே ஏன் சுருங்கியது? ஆய்வகத் தண்ணீரில் இல்லாத எது இதில் இருக்கிறது?

கீழே இறங்கிக் கையூமிடம் கேட்டாள். "பாய், சுண்ணாம்பும் சல்பைடும் தவிர இந்தத் தண்ணில வேற என்ன சேக்குறீங்க?"

"வேற ஒண்ணுமில்லயேம்மா."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

"நாங்க சேக்குறதில்லம்மா. தோலு கெட்டுப்போகாம இருக்க ஆடு அறுக்குற எடத்துல இருந்து வரும்போதே உப்புப் போட்டுத்தானே வருது? எம்புட்டுக் கழுவினாலும் கொஞ்சம் தங்கத்தான் செய்யும்."

ஜெஸ்ஸி உடனே கல்லூரிக்குப் பஸ் ஏறினாள். ஆய்வகத்தில் ஆறு கண்ணாடிக் குடுவைகளில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கரைத்து, மணிகளைப் போட்டு மெல்லச் சூடாக்கினாள். உப்பில்லாத குடுவையில் முப்பத்திரண்டில் சுருங்கின. அடுத்ததில் முப்பது. அதற்கடுத்ததில் இருபத்தேழு. உப்பு கூடக் கூட, மணிகள் பிடித்து வைத்திருந்த தண்ணீரைச் சீக்கிரமே கைவிட்டன. ஆறாவது குடுவையில் அறைச் சூட்டிலேயே சுருண்டு விழுந்தன. ஜெஸ்ஸி மதியச் சாப்பாட்டை மறந்து, அந்த ஆறையும் திரும்பத் திரும்ப ஆறவைத்தும் சூடாக்கியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதுரையில் இருந்த அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர், சுருங்கும் சூட்டை உயர்த்தும்படி பாலிமரை மாற்றச் சொன்னார். அதற்கு ஆறு மாதமாகும். திங்கட்கிழமை அதைச் சொன்னபோது வியாகுலம்மாள் குறுக்கிட்டாள்.

"அதுகளா அடியில படுக்குறது நல்லதுதானே டீச்சர்? வெந்நி ஊத்திப் பிரிக்கணும்னீக. அந்நேரம் மேல இருக்குற தண்ணிய எறக்கிட்டு வேற ஊத்தினா என்ன?"

ஜெஸ்ஸி நோட்டை வாங்கிக் கணக்குப் போட்டாள். தண்ணீரின் ஆழத்தைப் பாதியாக்கினால் வெயில் அடிவரை எட்டும், பதினொரு மணிக்குள்ளேயே சல்பைடு முக்கால்வாசி போய்விடும்.

அடுத்த வாரம் முதல் அப்படியே செய்தார்கள். காலையில் மணிகள் ஊதிப் பெருத்து வேலை செய்தன. உச்சியில் தானாகவே படிந்தன. வியாகுலம்மாள் தொட்டியின் பக்கத்தில் பொருத்திய குழாயைத் திறந்து தெளிந்த தண்ணீரை இறக்கிவிட்டு, மறுநாளுக்கு வேறு சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றிவைத்தாள். முப்பத்தேழு நாள் ஓடியது. பிறகு சாயம் நிஜமாகவே வெளுத்துப்போனது.

"என் தொட்டி முழுசுக்கும் இதைச் செய்யலாமாம்மா?" என்று கையூம் கேட்டார்.

"செய்யலாம் பாய். ஆனா ஆழமில்லாம பரப்பி வைக்க உங்க மொட்டைமாடி மாதிரி எட்டு மாடி வேணும்."

அவர் மாடியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு கீழே போய், தோலைக் கடைசியாகக் கழுவும் தண்ணீருக்கு மட்டுமாவது இருக்கட்டும் என்று, மாடியில் ஆழமில்லாத நாலு சிமெண்டுத் தொட்டிகள் கட்டக் கொத்தனாருக்குச் சொல்லியனுப்பினார்.